முகவரி இருக்கிறது, கூட்டிப்போக ஆள் வேண்டும்

சிகிச்சை முடிந்து அண்ணனை வீட்டுக்கு அழைத்து வந்த நாளில், மாத்திரைக் கவருக்குள் நான்காக மடித்த ஒரு சீட்டு இருந்தது. ஓர் இடத்தின் பெயர், இரண்டு கிழமைகள், மாலை ஆறரை மணி. கீழே 'ஏ.ஏ. மீட்டிங் போகவும்' என்று ஒரு வரி. அது என்னவென்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. மருந்துச் சீட்டைப் பத்திரப்படுத்திய அண்ணி, இதை அலமாரிக் கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தார். பதினொரு நாள் அது அங்கேயே இருந்தது. பன்னிரண்டாம் நாள் அண்ணன் மீண்டும் குடித்தார்.

அண்ணனை மருத்துவமனையில் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். கை நடுக்கம் நின்றது, தூக்கம் வந்தது, பல மாதங்களுக்குப் பிறகு பசித்துச் சாப்பிட்டார். உள்நோயாளிச் சிகிச்சை செய்து கொடுக்கக்கூடியது அவ்வளவுதான், அதுவே பெரிய காரியம். ஆனால் அங்கிருந்து வெளியே வருகிறவர் அதே தெருவுக்கும் அதே கூட்டாளிகளிடமும் அதே அந்திநேரத்துக்கும் திரும்புகிறார். டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணி வரை இருக்கிறது. பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கும் வழியில் அது இருக்கிறது. நிறுத்திய குடியை நிறுத்தியபடியே வைத்திருப்பதற்கு யார் துணை என்ற கேள்விக்குத்தான் அந்தச் சீட்டு பதில் சொல்ல முயன்றது. எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். குடிநோயிலிருந்து மீண்டவர்களும் மீள விரும்புகிறவர்களும் ஒன்றுகூடி, தங்கள் அனுபவத்தைப் பேசி, ஒருவருக்கொருவர் துணை நின்று குடிக்காமல் இருக்கும் கூட்டமைப்பு. அங்கே டாக்டர் இல்லை, மருந்து இல்லை, கட்டணம் இல்லை. இப்போது சுமார் 180 நாடுகளில் இதன் குழுக்கள் இருக்கின்றன. இந்தியாவுக்கு 1957இல் வந்தது. தமிழ்நாட்டின் பெரிய நகரங்களிலும் பல சிறு நகரங்களிலும் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. இத்தனை இருந்தும் தேவைப்படுகிறவர் கண்ணில் இது படுவதில்லை. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, இந்தியாவில் குடிக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றதாகச் சொல்கிறது. உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேரில் ஒருவர். அந்த ஒருவரில் ஒருவராக அண்ணன் இருந்தார். அவரையே பன்னிரண்டு நாளில் இழக்கப் பார்த்தோம்.

ஒரு கூட்டத்தில் போய் உட்கார்வதால் குடி எப்படி நிற்கும் என்று கேட்பவர்களுக்கு, நம் ஊரில் எல்லோரும் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லலாம். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். ஆண்டு முழுவதும் குடித்தவர், வீட்டார் கெஞ்சியும் அடித்தும் நிறுத்தாதவர், மாலை விழுந்த நாளிலிருந்து ஒரு மண்டலம் தொடுவதில்லை. எப்படி? சாமி பயம் என்பார்கள். அது உண்டு, ஆனால் அது மட்டும் அல்ல. மாலை போட்டவுடன் அவருக்குப் பெயர் மாறுகிறது. ஊரே 'சாமி' என்று கூப்பிடுகிறது. விடியற்காலைக் குளியல், மாலை பூஜை என்று நாள் முழுக்க வேலை. வழக்கமாக பாருக்குப் போகும் நேரத்தில் பஜனையில் உட்கார்ந்திருக்கிறார். பழைய கூட்டாளிகளும் அவரைக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டால் பாவம் என்று நினைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பல வருடம் மலைக்குப் போய் வந்த ஒரு குருசாமி இருக்கிறார். கன்னிசாமிக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அவரிடம் போகலாம்.

மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் இவை அத்தனையும் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. பெயர் போகிறது, பஜனை போகிறது, குருசாமி அடுத்த கார்த்திகைக்குத்தான் தென்படுவார். ஊர் திரும்பும் வேனிலேயே பாட்டில் திறக்கப்படுவதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மனிதரிடம் மன உறுதி இல்லை என்று இதற்குப் பிறகும் எப்படிச் சொல்வது? ஒரு மண்டலம் நிற்கத் தெரிந்தவர்தான் அவர். அவரைச் சுற்றி நின்றவர்கள்தான் கலைந்து போனார்கள்.

ஏ.ஏ. கூட்டத்தை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்: கழற்றும் தேதி இல்லாத மாலை. அங்கேயும் குருசாமி உண்டு, ஸ்பான்சர் என்பார்கள். சில ஆண்டுகள் குடிக்காமல் இருக்கும் ஒருவர் புதியவரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார். இரவு பத்து மணிக்குக் கை பரபரத்தால் அவருக்கு போன் செய்யலாம். ஒரு மண்டலம் என்ற கணக்குக்குப் பதிலாக அங்கே ஒரே நாள் கணக்கு. 'இன்றைக்கு மட்டும் குடிக்க மாட்டேன்' என்பதுதான் சங்கல்பம். நாளைக்கு என்ன செய்வதென்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். வாழ்நாள் முழுக்கத் தொட மாட்டேன் என்று தாய் தலைமேல் சத்தியம் செய்து, அதை மீறி, மீறிய குற்ற உணர்ச்சியிலேயே இன்னும் குடித்தவர்களுக்கு, இந்த ஒரு நாள் கணக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி முடியாது.

இந்த அமைப்பு தொடங்கிய கதையிலேயே அதன் சூட்சுமம் இருக்கிறது. 1935 மே மாதம். பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச் சந்தைக்காரர், ஒரு வியாபார முயற்சி தோற்றுப்போன நிலையில், ஓஹியோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் மேஃப்ளவர் ஹோட்டல் கூடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். குடியை விட்டு ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. கூடத்தின் ஒரு கோடியில் பார், சிரிப்புச் சத்தம். மறு கோடியில் தொலைபேசி, பக்கத்தில் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல். அந்த ஐந்து மாதத்தில் அவர் எத்தனையோ குடிநோயாளிகளிடம் பேசிப் பார்த்திருந்தார், ஒருவரும் நிறுத்தவில்லை. ஆனால் பேசிக்கொண்டிருந்தவரை அவர் மட்டும் குடிக்கவில்லை என்பது அவர் நினைவுக்கு வந்தது. தேவாலயங்களுக்கு போன் போட்டார். தன்னோடு பேச இன்னொரு குடிநோயாளி இந்த ஊரில் கிடைப்பாரா என்று கேட்டார்.

அப்படித்தான் மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்று சொல்லி வந்த மருத்துவர், ஆறு மணி நேரம் பேசினார். அவருக்கு மருத்துவம் தெரியும், குடியின் கெடுதி தெரியும், புத்தி சொன்னவர்கள் ஏராளம். ஆனால் தனக்கு நடப்பதைத் தன் வார்த்தையிலேயே சொல்லும் ஒருவரை அன்றுதான் கண்டார். அதன் பிறகும் ஒரு முறை சறுக்கினார். மருத்துவர் சங்க மாநாட்டுக்குப் போன இடத்தில் குடித்துவிட்டுத் திரும்பினார். மீண்டும் எழுந்து, 1935 ஜூன் 10 அன்று கடைசியாகக் குடித்தார். அந்த நாளைத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. சறுக்கி எழுந்த ஒருவரின் நாளே அமைப்பின் தொடக்க நாள் என்பதை, பன்னிரண்டாம் நாள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்த அண்ணனிடம் சொல்ல அன்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

புதிதாக வருகிறவர் பழையவர்களுக்குத் தொந்தரவு என்று நினைப்பார். நம் வீட்டுப் பஞ்சாயத்தை யார் தலையிலோ கட்டுவதா என்று கூச்சப்படுவார். ஆக்ரனில் போன் செய்தவர் உதவி கொடுக்கத் தேடினாரா, பெறத் தேடினாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அந்த அறையில் பதினைந்து வருடம் குடிக்காமல் இருப்பவருக்கும் முதல் நாள் வந்தவர் தேவைப்படுகிறார். நடுங்கும் கையைப் பார்க்கும்போது தன் கை நடுங்கிய நாள் அவருக்கு மறக்காது.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மதிப்பீடு, 27 ஆய்வுகளையும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பங்கேற்பாளர்களையும் எடுத்துக்கொண்டது. ஏ.ஏ. கூட்டங்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சையைப் பெற்றவர்களில் 100க்கு 42 பேர் ஓராண்டுக்குப் பிறகு முழுக்கக் குடியை விட்டிருந்தார்கள். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற மற்ற நல்ல சிகிச்சைகளைப் பெற்றவர்களில் அது 35. எல்லோரும் மீண்டுவிடுகிறார்கள் என்று இந்த எண் சொல்லவில்லை, பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓராண்டுக்குள் தடுமாறியிருக்கிறார்கள். ஆனால் கட்டணமில்லாத ஓர் அறையோடு இணைத்துவிடும் சிகிச்சை, படித்த நிபுணர்கள் தரும் மற்ற சிகிச்சைகளுக்குக் குறையாமல், சற்றுக் கூடுதலாகவே பலன் தருகிறது என்பது சாதாரணச் செய்தி அல்ல.

அந்த மதிப்பீட்டில் 'முறையாக இணைத்துவிடும்' என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். அதை விளக்க அமெரிக்காவில் 1981இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு போதும். சிகிச்சைக்கு வந்த 20 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கூட்டம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லி, போய் வாருங்கள் என்றார்கள். மறு பாதிக்கு, ஆலோசகர் அவர்கள் முன்னிலையிலேயே ஓர் ஏ.ஏ. உறுப்பினருக்கு போன் போட்டுப் பேச வைத்தார். அந்த உறுப்பினர் உடன் வருவதாகச் சொன்னார், முந்தின இரவு நினைவூட்டினார். முகவரி மட்டும் வாங்கிய பத்துப் பேரில் ஒருவர்கூடப் போகவில்லை. ஆள் கிடைத்த பத்துப் பேரும் போனார்கள். இருபது பேரை வைத்துச் செய்த ஆய்வை வைத்து உலகத்தை அளக்கக் கூடாதுதான். ஆனால் எங்கள் அலமாரிக் கண்ணாடியில் செருகியிருந்த சீட்டு அந்த முதல் பத்துப் பேரின் சீட்டு.

ஆகவே கூட்டத்தைத் தேடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இடத்தைத் தேடும்போதே ஆளையும் தேடுங்கள். சிகிச்சையில் இருக்கும்போதே தொடங்குவது நல்லது. மறுவாழ்வு மையங்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும் சமூகப் பணியாளரோ ஆலோசகரோ இருப்பார். டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்துப் போடும் முன், 'எங்கள் ஊருக்குப் பக்கத்துக் குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு இப்போதே போன் போட்டுத் தாருங்கள்' என்று கேட்கலாம். கேட்பதில் தவறில்லை. ஏ.ஏ. உறுப்பினர்கள் பல மருத்துவமனைகளுக்கு நேரில் வந்து நோயாளிகளோடு பேசுவது வழக்கம். வந்தால் வீட்டு ஆள் ஒருவரும் அன்று உடன் இருப்பது நல்லது. தமிழக அரசு 2025இல் அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களைத் தொடங்கியிருக்கிறது. அங்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்.

மருத்துவமனை வழி இல்லாதவர்கள் ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலிமானஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம். பட்டியலைப் பார்த்தவுடன் கிளம்பிவிடாமல் அதிலுள்ள எண்ணுக்கு ஒரு முறை பேசிவிட வேண்டும். குழுக்கள் இரவல் அறையில் நடப்பவை, பள்ளித் தேர்வு வந்தால் இடம் மாறும், நேரம் மாறும். தயங்கித் தயங்கி ஒருவர் முதல் நாள் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டால், அவர் நேராக எங்கே போவார் என்று சொல்ல வேண்டியதில்லை. போனில் மூன்று விஷயம் கேட்டால் போதும். கூட்டம் தமிழிலா ஆங்கிலத்திலா? திறந்த கூட்டமா மூடிய கூட்டமா? வாசலில் வந்து அழைத்துக்கொள்ள ஒருவர் இருப்பாரா?

திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தார், மாணவர், டாக்டர் யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். குடும்பத்தார் முதன்முதலாகத் துணைக்குப் போகும்போது திறந்த கூட்டமாக இருந்தால் வசதி. இல்லாவிட்டால் வாசல்வரை போய்விட்டு எதிர் டீக்கடையில் காத்திருக்கலாம். நான் அப்படித்தான் காத்திருந்தேன்.

உள்ளே என்ன நடக்கும் என்ற பயமே பலரைத் தடுக்கிறது, அதனால் அதைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளை எழுதிச் சுவரில் ஒட்டிய தாள், பெரும்பாலும் டீ. அமைதியும் துணிவும் தெளிவும் வேண்டி ஒரு சிறு வேண்டுதலோடு தொடங்குவார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பேசுவார்கள். பெயரைச் சொல்லி 'நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்குவார், மற்றவர்கள் வணக்கம் சொல்வார்கள். குறுக்கே யாரும் பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. புதியவர் பேசியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பெயரை மட்டும் சொல்லிவிட்டு, கேட்டுக்கொண்டே இருக்கலாம். முடிவில் ஒரு உண்டி சுற்றி வரும், போடுகிறவர் போடலாம், முதல் நாள் வந்தவர் போட வேண்டாம் என்பார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கையெழுத்து, ஆதார் எண், சாதி, வேலை எதுவும் கேட்பதில்லை. பிறகு சென்ற ஒரு திறந்த கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கேட்ட கதைகளை இங்கே எழுத மாட்டேன். அந்த அறையில் கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வாக்கு.

பெயர் வெளியே போகாது என்ற அந்த வாக்குதான் இதன் அடித்தளம், பெயரிலேயே அது இருக்கிறது. ஆனாலும் சிறிய ஊரில் இந்தப் பயம் எளிதில் போகாது. யாராவது பார்த்துவிட்டால்? மகளுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இது தெரிந்தால்? இதற்கு அண்ணன் பின்னாளில் சொன்ன பதிலைச் சொல்கிறேன்: 'நான் சாக்கடை ஓரம் கிடந்ததை ஊரே பார்த்தது. அப்போது வராத மானம் நாற்காலியில் உட்காரும்போது ஏன் வர வேண்டும்?' அப்படியும் மனம் ஒப்பாதவர்கள் பக்கத்து ஊர்க் குழுவுக்குப் போகலாம், பலர் போகிறார்கள். இணையவழிக் கூட்டங்களும் 2020க்குப் பிறகு பெருகியிருக்கின்றன.

பல இடங்களில் கூட்டம் தேவாலய வளாகத்திலோ கிறித்தவப் பள்ளியிலோ நடக்கும். மதம் மாற்றிவிடுவார்களோ என்று எங்கள் அம்மாவே கேட்டார். அங்கே நடப்பதற்குக் காரணம் எளிமையானது. குழுக்கள் சொத்து வைத்துக்கொள்வதில்லை, வெளியார் நன்கொடையும் வாங்குவதில்லை. குழுக்கள் எப்படி நடக்க வேண்டும் என்று ஏ.ஏ. 1950இல் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில் அது ஒன்று. சிறு வாடகைக்கு மாலையில் காலி அறை கொடுப்பவர்கள் யாரோ அங்கே நடக்கிறது. படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது என்பது உண்மை. ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடி என்ற தொடரும் சேர்ந்தே வருகிறது. முருகனைக் கும்பிடுகிறவரும் தொழுகைக்குப் போகிறவரும் கறுப்புச் சட்டைக்காரரும் ஒரே வரிசையில் உட்காரலாம். அந்தக் குழுவின் பலத்தையே தன் 'மேலான சக்தி' என்று எடுத்துக்கொள்ளும் நாத்திகர்களும் உண்டு. கடவுள் என்ற சொல்லே ஒவ்வாதவர்களுக்கு வேறு வகைக் குழுக்களும் உலகில் இருக்கின்றன. ஆனால் நம் ஊரில் நேரில் போய் உட்காரக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான்.

பெண்களின் நிலை இதைவிடக் கடினம். அதே 2019 ஆய்வில் குடிக்கும் ஆண்கள் 100க்கு 27 பேர், பெண்கள் 100க்கு இரண்டு பேருக்கும் குறைவு. அதனால் அறை முழுக்க ஆண்களாகவே இருக்கும். குடியை நிறுத்த நினைக்கும் பெண் அந்த வாசலைத் தாண்டுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்! அவர்கள் முதலில் போனில் பேசி, பெண் உறுப்பினர் ஒருவரோடு தொடர்பு கேட்பதும், இணையவழிப் பெண்கள் கூட்டத்தில் தொடங்குவதும் நல்ல வழி.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லாமல் போனால் இந்தக் கட்டுரையே தவறாகிவிடும். தினமும் மிகுதியாகக் குடித்து, காலையில் கை நடுங்கி, நடுக்கம் நிற்பதற்காகவே மறுபடி குடிக்கிறவர், கூட்டத்தை நம்பித் திடீரென்று தானாகவே நிறுத்தக் கூடாது. மாலை போட்டு நிறுத்தினாலும் இதேதான். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்திலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரைக்குள் இல்லாத உருவம் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது, கடும் காய்ச்சல் என்று முற்றலாம். அதைப் பேய் பிடித்ததென்று மந்திரிக்கக் கொண்டுபோய் உயிரை விட்டவர்கள் உண்டு. அது மருத்துவ அவசரநிலை, 108ஐ அழைக்க வேண்டும். முதல் வாரத்தை டாக்டரின் பார்வையில் கடக்க வேண்டும். அதற்கு மருந்துகள் இருக்கின்றன, வைட்டமின் பி1 ஊசியும் அவசியம். உடல் நிலைப்பட்ட பிறகுதான் கூட்டம் தன் வேலையைத் தொடங்க முடியும். டாக்டர் எழுதிய மாத்திரையைக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று நிறுத்தவும் கூடாது.

பஸ் நிலையச் சுவர்களில் 'அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்' என்று விளம்பரம் இருக்கும். பணம் கொடுத்து வாங்கிச் சாம்பாரில் கலக்கும் தாய்மார்களின் வேதனை எனக்குப் புரிகிறது. எங்கள் வீட்டிலும் அது நடந்தது. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடித்தால் உடல் ஒவ்வாமல் போகச் செய்யும் மருந்து அதில் இருந்து, அது தெரியாமல் அவர் குடித்தால், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர்கள் அந்த வகை மருந்தை நோயாளியிடம் விளக்கி, சம்மதம் பெற்ற பிறகே கொடுக்கிறார்கள்.

குடும்பத்துக்கும் ஒரு கூட்டம் உண்டு என்பது எங்களுக்கு மிகத் தாமதமாகத் தெரிந்தது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951இல் தொடங்கிய அல்அனான், குடிநோயாளிகளின் வீட்டாருக்கானது. பிள்ளைகளுக்கான அலட்டீன் 1957இல் வந்தது. 'பெண்டாட்டி ஒழுங்காக இருந்தால் இவன் ஏன் குடிக்கிறான்' என்று கேட்டுக் கேட்டே தன்னை நொந்துகொண்ட பெண்களுக்கு அங்கே முதலில் சொல்லப்படுவது மூன்று வரி. இதை நான் உண்டாக்கவில்லை. இதை என்னால் கட்டுப்படுத்த முடியாது. இதை என்னால் குணப்படுத்தவும் முடியாது. அண்ணி முதல் கூட்டத்திலிருந்து வந்து அன்றிரவு அயர்ந்து தூங்கினார். கணவர் சிகிச்சைக்கு வர மறுத்தாலும் மனைவி இந்தக் கூட்டத்துக்குப் போகலாம், அதற்கு அவர் சம்மதம் தேவையில்லை.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு மையம், டி.டி.கே. மருத்துவமனை என்று பலருக்கும் தெரிந்தது, குடியால் கணவரை இழந்த ஒரு பெண் எழுப்பியது. குடிநோயாளிக்கு மட்டுமின்றி வீட்டாருக்கும் சேர்த்தே சிகிச்சை என்ற எண்ணத்தை நம் ஊரில் வேரூன்றச் செய்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த மையம் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் நடத்திய முகாம்களை இங்கே குறிப்பிட வேண்டும். நோயாளியை நகரத்துக்குக் கொண்டுபோகாமல், ஊருக்குள்ளேயே இடம் பிடித்து, ஊரார் உதவியோடு இரண்டு வாரம் சிகிச்சை அளித்தார்கள். சேர்ந்து சிகிச்சை பெற்றவர்கள் அதே ஊர்ப்பக்கத்துக்காரர்கள். முகாம் கலைந்த பிறகும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க வேண்டியவர்கள்.

பக்கத்தில் குழுவே இல்லாத ஊர்கள் நிறைய. மதுவிற்பனையால் அரசுக்கு ஆண்டுக்கு 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது, கடைகள் எட்டும் தூரத்துக்குக் கூட்டங்கள் எட்டவில்லை. அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர் என்ன செய்வது? ஏ.ஏ.வின் பன்னிரண்டு மரபுகளில் மூன்றாவதற்கு ஒரு விளக்கம் உண்டு: குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் ஒன்றுகூடினால், அவர்கள் தங்களை ஒரு குழு என்று அழைத்துக்கொள்ளலாம். கட்டடம் வேண்டாம், அனுமதி வேண்டாம். ஆக்ரனில் முதலில் இருந்தவர்களும் இரண்டே பேர். மாவட்டத் தலைநகரில் மாதம் ஒருமுறை கூட்டத்துக்குப் போய் வந்து, மற்ற நாட்களில் போனில் ஸ்பான்சரோடு பேசி, ஊரில் இன்னொருவர் கிடைக்கும்வரை தாக்குப்பிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

பன்னிரண்டாம் நாள் குடித்த அண்ணனுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வாரம் கழித்து மறுபடி டாக்டரிடம் போனோம். இந்த முறை நானே சீட்டிலிருந்த இடத்துக்கு முன்கூட்டிப் போய் விசாரித்து ஒரு எண் வாங்கினேன். எதிர்முனையில் பேசியவர் அண்ணனின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. எப்போது கடைசியாகக் குடித்தார், உடல் எப்படி இருக்கிறது, டாக்டர் பார்த்துவிட்டாரா என்று கேட்டார். 'வியாழக்கிழமை ஆறு மணிக்கு உங்கள் தெருமுனையில் நிற்கிறேன், அவரைக் கிளப்பி மட்டும் விடுங்கள்' என்றார். ஐந்தரைக்கு அண்ணன் தலைவலி என்று படுத்துக்கொண்டார். ஐந்தே முக்காலுக்கு, தெரியாத ஒரு மனிதர் வேலையை விட்டுவிட்டு நமக்காக ஸ்கூட்டரில் வந்து நிற்கிறாரே என்று அண்ணி சொன்னார். அண்ணன் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார்.

இடையில் இன்னொரு முறையும் சறுக்கினார். மறுநாளே கூட்டத்துக்குப் போய்ச் சொன்னார் என்று அவரே சொன்னார். அங்கே யாரும் கோபிக்கவில்லையாம், மறுபடி முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்கச் சொன்னார்களாம். அந்தச் சீட்டை அண்ணி இன்னும் எறியவில்லை. அதன் பின்பக்கத்தில் இப்போது நான்கு போன் எண்கள் இருக்கின்றன. நான்கும் அல்அனான் கூட்டத்தில் அவருக்குக் கிடைத்த பெண்களுடையவை.